வெயில் வேண்டாத சூரிய எரிபொருள்

கோயம்புத்தூரில் பஸ் ஏறியபோது என் மடியில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மூடியைப் பார்த்தார்.

"சாம்பாருங்களா?"

"இல்லைங்க. சவ்வு."

"ஆட்டுச் சவ்வுங்களா?"

"பிளாஸ்டிக் சவ்வு."

அவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. என் ஆராய்ச்சி வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனங்களில் அதுவும் ஒன்று.

மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. சென்னையில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் இயக்குநர் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய், ஒரு கோட்டும் ஒரு யோசனையுமாகத் திரும்பி வந்திருந்தார். யோசனை இதுதான்: கரியமில வாயுவையும் தண்ணீரையும் வெயிலில் வைத்து எரிபொருளாக மாற்றுவது. "செடி செய்யுது, நம்மால முடியாதா?" என்று கூட்டத்தில் கேட்டார். செடிக்கு இயக்குநர் கிடையாது என்ற வித்தியாசத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சவ்வைச் செய்யும் வேலை என்னிடம் வந்தது. ஒரு பாலிமரைக் கரைத்து, வெள்ளைப் பெயிண்டில் போடும் தூளை அதில் கலந்து, கண்ணாடித் தகட்டில் அப்பளம் போல மெல்லியதாக வார்த்தேன். அதைக் கண்ணாடி மூடிய ஒரு பெட்டிக்குள் பொருத்த வேண்டும். சவ்வுக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் புகை, மேலே வெயில். எல்லாம் சரியாக நடந்தால் தண்ணீரில் மெத்தனால் என்ற எரிசாராயம் துளித்துளியாகச் சேரும். சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கையில் சில மருந்துகள் வைத்திருந்தேன். தண்ணீரில் கொஞ்சம் எடுத்து அந்த மருந்துகளைச் சேர்த்துச் சூடாக்கினால், மெத்தனால் இருந்தால் ஊதா நிறம் வரும். சவ்வு காய்ந்தால் அப்பளம் போலவே நொறுங்கிவிடும். அதனால்தான் தூக்குச்சட்டி, காய்ச்சி வடித்த நீரில் ஊறியபடி அது என்னோடு பயணம் செய்தது.

சென்னையில் வெயில் இல்லையா, புகை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஆராய்ச்சிக்கான பண உதவி கேரளத்தில் ஒரு துறையிடமிருந்து வர இருந்ததால், புகையும் கேரளப் புகையாக இருக்க வேண்டும் என்றார் இயக்குநர்.

கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பெயர்ப்பலகை மலையாளத்திலும் பேச்சு கோயம்புத்தூரிலும் இருந்தது. பழனிச்சாமி என்பவர் அங்கே தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலும் சுண்ணாம்புக் காளவாயும் வைத்திருந்தார். சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கரியமில வாயு ஏராளமாக வெளியேறும். அந்த வாயுவைத் தேடி சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருப்பது அவருக்குப் பெருமையாகவும் சந்தேகமாகவும் இருந்தது.

"ஏனுங்க அம்மணி, பொகையப் புடிச்சு எண்ணெய் பண்றீங்கன்னு சொன்னாங்க. நெசமுங்களா?"

"முயற்சி பண்றோம்ங்க."

"அப்ப எங்கூட்டு அடுப்புப் பொகையும் ஆகுமுங்களா? எங்கூட்டுக்காரி அதுலயே பாதி நாளு கண்ணக் கசக்கிட்டு நிக்கறா."

அவர் மனைவி உள்ளேயிருந்து, "மொதல்ல அந்தப் பொகபோக்கிய அடைச்சிருக்கற ஓட்டுத் துண்ட எடுத்துப் போடச் சொல்லுங்க. எண்ணெயெல்லாம் அப்பறம் பாக்கலாம்" என்றார்.

அன்று காலை அவர்கள் போட்ட சந்தகையையும் தேங்காய்ப்பாலையும் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். சென்னையில் இடியாப்பம் என்று சொல்லி நூல்கண்டைக் கொடுக்கிறார்கள். மதியம் கொள்ளுப் பருப்பு. எங்கள் ஆய்வக உணவகத்தில் பருப்பு என்பது ஒரு நிறம் மட்டுமே. இங்கே அது சாப்பாடு.

காளவாயின் வாயருகே குழாயை வைத்துப் புகையைத் தண்ணீரில் குளிரவைத்துப் பெட்டிக்குள் விட்டேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்று முழுவதும் வீசியது. வீசிய காற்று சுண்ணாம்புத் தூளைக் கொண்டுவந்து பெட்டியின் கண்ணாடிமேல் கொட்டியது. நான் துடைக்கத் துடைக்க அது வெள்ளையடித்த சுவர் போல ஆனது. சாயங்காலம் தண்ணீரை எடுத்துச் சோதித்தேன். ஊதா! நல்ல, அழுத்தமான, கத்திரிப்பூ ஊதா.

வெயிலே உள்ளே போக வழியில்லாத பெட்டியில் எப்படி ஊதா வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நானோ, இவ்வளவு மங்கிய வெளிச்சத்திலேயே வேலை செய்கிறதே என் சவ்வு என்று பூரித்துப்போனேன்.

பழனிச்சாமி சோதனைக் குழாயை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். "இதுல எண்ணெய் எத்தனை இருக்குமுங்க?"

"ஒரு சொட்டுக்கும் கம்மிங்க."

"அப்ப வண்டிய இறக்கத்துல உட்டுத்தானுங்க ஓட்டோணும்" என்றார் மரியாதையாக.

இயக்குநருக்குத் தந்தி கொடுத்தேன். வெற்றி என்ற சொல்லை ஒரு தந்தியில் நான் எழுதியது அதுதான் முதலும் கடைசியும். உடனே பதில் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து, பணம் தரப்போகும் துறையின் செயலாளர் வருகிறார். அவர் முன்னிலையில் மறையூரில் செய்து காட்ட வேண்டும். நான் முன்னால் போய்த் தயாராக இருக்க வேண்டும். மறையூரில் கரும்பு காய்ச்சும் அடுப்புகளின் புகையும், மழை மறைவுப் பள்ளத்தாக்கின் வெயிலும் உண்டு என்று விளக்கியிருந்தார். மூணாறில் செயலாளருக்கு விருந்தினர் மாளிகையும் உண்டு என்பதை விளக்கவில்லை.

பாலக்காட்டுக் கிழக்கிலிருந்து மறையூருக்குப் போக, கேரளத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து மறுபடியும் கேரளத்துக்குள் ஏற வேண்டும். அவசரநிலைக் காலம் என்பதால் ரயில்கள் நேரத்துக்கு ஓடுவதாகச் சொன்னார்கள். நான் போனதெல்லாம் பஸ்.

தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு திரும்ப வந்திருந்தது. எல்லைச் சாவடியில் போலீஸ்காரர்கள் பஸ்ஸில் ஏறி, நேராக என் பெட்டியிடம் வந்தார்கள். ஊதா நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு சின்ன பாட்டிலில் அசல் மெத்தனால் வைத்திருந்தேன். ஏட்டையா மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"என்னம்மா இது, வாசம் ஆளத் தூக்குது?"

"விஷம் சார். லேபிள்ல பாருங்க."

"சரக்குக் கடத்தறவனெல்லாம் இப்ப விஷம்னுதான் லேபிள் ஒட்டறான்."

"குடிச்சா கண்ணு போயிடும் சார். உயிரும் போயிடும். இது ஆராய்ச்சிக்கு."

"அப்படியா? சரி, பாட்டில் இங்கேயே இருக்கட்டும். நாங்க விசாரிக்கறோம்."

விசாரணை எப்படி நடக்கும் என்பது அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் முகத்திலும் எழுதியிருந்தது. எனக்கு அந்த பாட்டில் அவசியம் வேண்டும். ஆனால் அதை அவர்களிடம் விட்டுவிட்டுப் போய், மறுநாள் பேப்பரைப் பார்க்கும் தைரியம் இல்லை. கையை நீட்டி பாட்டிலை வாங்கி, பஸ்ஸை விட்டு இறங்கி, சாலையோரப் பள்ளத்தில் மொத்தத்தையும் கொட்டினேன். மூன்று காக்கிச் சட்டைகளும் இறுதிச் சடங்கில் நிற்பவர்களைப் போல் நின்றன. ஏட்டையா அந்த ஈர மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போங்க, போங்க" என்றார். ஒரு நல்ல மனிதரின் நாளைக் கெடுத்துவிட்ட குறை எனக்கு இருந்தது.

உடுமலைப்பேட்டையிலிருந்து மலைக்குப் போகும் பஸ் சின்னாறு காட்டுக்குள் நின்றுவிட்டது. ரேடியேட்டர் கொதித்து, முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது. கண்டக்டர் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்து என் தூக்குச்சட்டிமேல் கண்ணை நிறுத்தினார்.

"அந்தத் தண்ணிய ஊத்துங்கம்மா, வண்டி கிளம்பட்டும்."

"இது குடுக்க முடியாதுங்க."

"குடிக்கிறதுக்கா வச்சிருக்கீங்க?"

"இல்ல."

"பின்ன?"

"உள்ள சவ்வு ஊறுது."

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒருவர், "யானை நிக்கிற காட்டுல வண்டி நிக்குது, இந்தம்மா தோல ஊறப் போட்டுட்டு உக்காந்திருக்கு" என்றார். நாட்டின் எரிபொருள் பிரச்சினையைத் தீர்க்கப் போகும் சட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நான் ஒரு எட்டுகூட நகராத வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் டிரைவரே டப்பாவை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினார். யானை வரவில்லை. வந்திருந்தால் எல்லோருமாகச் சேர்ந்து என்னைத்தான் முதலில் அனுப்பியிருப்பார்கள்.

மறையூரில் மாரியப்பனும் அவர் மனைவி செல்லக்கனியும் வெல்லம் காய்ச்சும் கொட்டகை நடத்தினார்கள். செல்லக்கனியின் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவளுக்கு ஏறக்குறைய என் வயது. என்னைக் கண்டதும் மூங்கில் தட்டில் சூடு ஆறாத வெல்லத்தைக் கிள்ளி வைத்தாள்.

"வாங்கக்கா. சாப்ட்டியளா? கப்பயும் மீன் கொழம்பும் இருக்கு. இந்த ஊருல வந்து வேற எதுவும் கேட்டுராதிய."

கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டு, கட்டஞ்சாயா குடித்தேன். பாலில்லாத தேநீரை ஏழைக்கு வேறு வழியில்லாத பானமாகச் சென்னையில் பார்ப்பார்கள். இஞ்சியும் சூடான வெல்லமும் போட்டு இங்கே கொடுத்ததைக் குடித்த பிறகு, பால்தான் வழியில்லாதவர்களின் ஏற்பாடு என்று தோன்றியது.

பஸ்ஸில் வெயிலில் வெந்த என் மருந்துகள் கெட்டுப்போயிருக்குமோ என்று பயம். ஒப்பிட்டுப் பார்க்க அசல் மெத்தனாலும் இல்லை. அது எல்லைப் பள்ளத்தில் இருந்தது. குறைந்தபட்சம் வெறும் தண்ணீரில் நிறம் வராமல் இருக்கிறதா என்றாவது பார்ப்போம் என்று நினைத்தேன். கையில் இருந்ததில் சுத்தமான தண்ணீர் தூக்குச்சட்டியில் இருந்த வடிநீர்தான். அதில் கொஞ்சம் எடுத்து மருந்தைச் சேர்த்துச் சூடாக்கினேன்.

ஊதா.

கொழிஞ்சாம்பாறையில் வந்த அதே கத்திரிப்பூ ஊதா. வேறு குழாயில் செய்தேன். ஊதா. செல்லக்கனியின் குடிதண்ணீர்ப் பானையிலிருந்து எடுத்துச் செய்தேன். நிறம் வரவில்லை. மருந்துகளில் குற்றமில்லை. இந்தச் சட்டித் தண்ணீர் புகையைக் கண்டதில்லை, வெயிலைக் கண்டதில்லை. அது கண்டதெல்லாம் என் சவ்வை மட்டுமே.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி பாக்கிய?" என்றாள் செல்லக்கனி.

பாலிமரைக் கரைக்க நான் ஊற்றியதே மெத்தனால்தான். வார்த்த பிறகு கழுவினோம், போதவில்லை. சவ்வுக்குள் ஒளிந்திருந்த அது தண்ணீரைக் கண்ட இடத்திலெல்லாம் கசிந்துகொண்டிருந்தது. நாங்கள் சூரியனிடமிருந்து எதையும் வாங்கவில்லை. நாங்கள் ஊற்றியதை நாங்களே திரும்ப எடுத்து, தந்தியும் அடித்திருந்தோம்.

மறுநாள் காலை மூணாறிலிருந்து காரில் இயக்குநரும் செயலாளரும் வந்து இறங்கினார்கள். செயலாளர் வெல்லப் பாகு கொதிக்கும் கொப்பரையை வேடிக்கை பார்க்கப் போன இடைவெளியில் நான் இயக்குநரை ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஊதா வருதாம்மா?"

"வருது சார். ஆனா—"

"வருதுல்ல. அப்புறம் என்ன?"

"அது நம்ம சவ்வுலேருந்து கசியுறது சார். புகையிலேருந்து வந்தது இல்ல."

"அவர் கார்ல வந்து இறங்கியாச்சு. இப்ப போய் சந்தேகத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கறீங்களே. உங்க வேலை இன்னும் தற்காலிகம்தான், ஞாபகம் இருக்கில்ல? காலமும் கேள்வி கேக்கற காலம் இல்ல."

காலம் அப்படிப்பட்டதுதான். கேள்வி கேட்டவர்களை வேறு இடங்களில் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆனாலும் அந்தப் பொய் ஊதாவைப் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்க என்னால் முடியாது என்று தோன்றியது. வாயால் சொன்னால் வெட்டிவிடுவார். கண்ணால் காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நான் புகைக் குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டேன். தண்ணீரை மாற்றினேன். ஈரச் சாக்கு ஒன்றை மடித்துக் கண்ணாடியின்மேல் போர்த்தினேன். செயலாளர் இன்னொரு டம்ளர் கரும்புச்சாறு குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, தண்ணீரை எடுத்துச் சோதித்துத் தூக்கிப் பிடித்தேன்.

"வெயில் இல்ல. புகை இல்ல. ஆனாலும் ஊதா வருது. பாருங்க சார்."

இயக்குநரின் நெற்றியில் வேர்வை. செயலாளர் குழாயையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்கள் மெல்ல விரிந்தன. மலையாளத்தில் அவர் கேட்டதன் தமிழ் இது: "அப்படியென்றால் வெயில் இல்லாமலும் வேலை செய்யுமா?"

இயக்குநர் அரை நொடிதான் தடுமாறினார். "அதுதான் சார் இதன் சிறப்பு."

"மழையிலும்?"

"மழையிலும் சார்."

"எங்கள் நாட்டுக்கு இதுவல்லவா வேண்டும்!" என்று செயலாளர் கைதட்டினார். "பாதி வருஷம் மழை. இதுவரை வந்தவர்கள் எல்லோரும் வெயிலையே பேசிக்கொண்டிருந்தார்கள்."

நான் பதறிப்போய், "இது நாங்களே ஊத்தினது சார்!" என்று தமிழில் கத்தினேன்.

"என்ன சொல்கிறாள்?"

"எல்லாம் நாங்களே உருவாக்கியது, வெளிநாட்டுச் சரக்கு எதுவும் இல்லை என்கிறாள்" என்றார் இயக்குநர்.

செயலாளர் என்னைப் பாசத்தோடு பார்த்தார். நான் ஆங்கிலத்துக்கு மாறி, இது வெறும் மாசு, சவ்வில் கலந்திருந்த மாசு என்றேன். அவர் தலையை ஆட்டினார். "ஆமாம், ஆமாம். ஆலைப் புகையின் மாசையும் குறைக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று உதவியாளரிடம் சொன்னார்.

அவர்கள் கிளம்பும்போது காரில் எனக்கு இடமில்லை. பின் இருக்கையில் எனக்கென்று இருந்த இடத்தில் வெல்ல உருண்டை மூட்டை உட்கார்ந்திருந்தது. இயக்குநர் கண்ணாடியை இறக்கி, "நல்லா பண்ணீங்கம்மா. அந்தச் சாக்கு ஐடியா அருமை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடுமலைப் பக்கம் இறங்கும் பஸ் மறுநாள்தான் என்றார்கள். செல்லக்கனியிடம் வெந்நீர் கேட்டேன். குளிக்க என்று நினைத்தாள். சவ்வைக் கழுவ என்றதும், கொட்டகை அடுப்பின் ஓரத்தில் ஒரு பானையை ஏற்றி, கரும்புச் சக்கையைத் தள்ளித் தள்ளி எரித்தாள். நான் சவ்வை வெந்நீரில் அலசினேன், தண்ணீரைச் சோதித்தேன், கொட்டினேன், மறுபடியும் அலசினேன். ஊதா வெளுத்துக்கொண்டே வந்தது. செல்லக்கனிக்கு ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை.

"எக்கா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. அடுப்பெரிக்க எண்ணெ பண்ணத்தான இந்தத் தோலு?"

"ஆமா."

"அதக் கழுவ நா இம்புட்டுச் சக்கைய எரிச்சிருக்கேன்லா?"

"ஆமா."

"சரி. ஒங்களுக்குத் தெரிஞ்சா சரி" என்று சொல்லி இன்னொரு கை சக்கையைத் தள்ளினாள்.

கடைசி அலசலில் தண்ணீர் நிறமே மாறவில்லை. மறுநாள் காலை பஸ்ஸை விட்டேன். சாக்கைப் போர்த்திப் புகையை விட்டுப் பார்த்தேன், நிறமில்லை. புகையை நிறுத்தி வெயிலில் வைத்தேன்; நிறமில்லை. பிறகு மறையூர் உச்சி வெயிலில், புகையோடு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் காத்திருந்து எடுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. செல்லக்கனியின் வெள்ளைத் துண்டுக்கு முன்னால் பிடித்தபோது தெரிந்தது. மிக மெல்லிய ஊதா. இருக்கிறதா என்று சந்தேகப்பட வைக்கும் அளவு. மறுபடியும் செய்தேன். இருந்தது.

அது உண்மையானது. புகையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வெயில் செய்தது. பெட்டியின் பக்கத்தில் சக்கைக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அடுப்புப் புகையைக் காரணம் சொல்லலாம். காற்று அப்போது எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றாள் செல்லக்கனி, குழாயை எட்டிப் பார்த்து. "நவ்வாப்பழம் தின்னவ வாய் கொப்பளிச்ச தண்ணி மாதிரில்லா இருக்கு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டாள். அன்று அவள் வெல்லத்தை இன்னும் பெரிதாகக் கிள்ளி வைத்தாள்.

சென்னைக்கு வந்து இயக்குநர் அறைக்குள் போனேன். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். செல்லக்கனி தள்ளிய சக்கையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் நிஜம், வெயிலில் மட்டும் வருகிறது என்றேன்.

"வெயில்லயா?" அவர் முகம் சுருங்கியது. "வெயிலைத் தாண்டி வந்துட்டோமேம்மா. மழைக்காலத் திட்டத்துக்கு ஒப்புதல் வந்தாச்சு. மூணாறுல ஜூன்ல ஆரம்பிக்கறோம். நீங்கதான் பொறுப்பு."

"மழையில வர்றது நம்ம ஊத்தினது சார்."

"அதை விடுங்க."

"அப்ப அறிக்கையில என் பேரை எடுத்துடுங்க சார்."

கத்துவார், வேலையைவிட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்துக் கதவின் பக்கம் ஒரு காலை வைத்திருந்தேன். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவரே நினைக்கவில்லை போலிருந்தது.

"அவ்வளவுதானே? எடுத்துட்டாப் போச்சு" என்றார்.

அடுத்த வாரம் என்னை உப்புநீரைக் குடிநீராக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் சவ்வுதான் வேலை. கடல் தண்ணீரை ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் நல்ல தண்ணீர் வர வேண்டும். அந்தப் பிரிவில் ஒரு வசதி இருந்தது. யார் என்ன அறிக்கை எழுதினாலும், ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தால் போதும்.